தூரத்துப் படகு தெரிகிறது, புத்தகம் இரண்டாகத் தெரிகிறது

ஒலுவில் துறைமுகத்தில் நிற்கும் படகுகளை உங்கள் பிள்ளை தூரத்திலிருந்தே எண்ணிச் சொல்லலாம். அதே பிள்ளை புத்தகத்தை விரித்தால் சிறிது நேரத்தில் தலையிடி என்று மூடிவிடும். எழுத்து இரண்டாகத் தெரிகிறது, வரி மாறிப்போகிறது என்றும் சொல்லும். இடம் மாறி மாறிப் படித்ததால் வந்த சோம்பல் என்று ஏசிவிடாதீர்கள். கிட்டத்தில் பார்க்கும்போது இரு கண்களும் உட்பக்கம் திரும்பி ஒரே இடத்தில் சேர வேண்டும். அந்தச் சேர்க்கை பலவீனமாக இருக்கலாம்.

தூரத்து எழுத்து அட்டையை மட்டும் வாசித்தால் இந்தக் குறை பிடிபடாது. ஆகவே கண் கிளினிக்கில், "வாசிக்கும்போதுதான் கஷ்டம்" என்று நீங்களே சொல்லுங்கள். அரச வைத்தியசாலையில் பரிசோதனை இலவசம். இடம்பெயர்ந்த காலத்தில் பாடசாலை மருத்துவப் பரிசோதனை தவறியிருந்தால் அதிபரிடமோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ தெரிவியுங்கள்.

இதற்குப் பயிற்சி உண்டு. பென்சிலைக் கை நீட்டிப் பிடித்து, அதன் நுனியைப் பார்த்தபடி மெதுவாக மூக்கை நோக்கிக் கொண்டுவருவது ஒன்று. நுனி இரண்டாகாமல் ஒன்றாகவே தெரியப் பழக வேண்டும். 2008இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில் 221 பிள்ளைகள் 12 கிழமை பயிற்சி பெற்றார்கள். கிழமைதோறும் கிளினிக் போய், வீட்டிலும் செய்தவர்களில் 73 வீதமானோருக்குக் குணம் தெரிந்தது. வீட்டில் பென்சில் பயிற்சி மட்டும் செய்தவர்களில் 43 வீதமானோருக்கே. கிளினிக் தவணையைத் தவறவிடாதீர்கள் என்பது அதனால்தான்.

வைத்தியர் பார்க்குமுன் பயிற்சியைத் தொடங்க வேண்டாம். கண்ணாடி மட்டுமே போதுமாகவும் இருக்கலாம். மாறுகண்ணுக்குச் சிகிச்சை வேறு. திடீரென, அல்லது தலையில் அடிபட்ட பின் இரண்டாகத் தெரிந்தால் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.