எண்ணத் தொடங்கிய பேராசிரியர்கள்

அமெரிக்க அரசியல் சட்டத்தைப் படிப்பவருக்கு, வெளிநாட்டோடு உடன்பாடு செய்துகொள்ள ஒரே ஒரு வழிதான் கண்ணில் படும். அதிபர் ஒப்பந்தம் செய்வார். அவையில் இருக்கும் செனட்டர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் இசைவு தர வேண்டும். 1789 முதல் 1839 வரையிலான ஐம்பது ஆண்டுகளில் பெரும்பாலும் அப்படித்தான் நடந்தது. செனட் வழியாக வந்த ஒப்பந்தங்கள் 60. அந்த வழியில் போகாத, ‘நிர்வாக உடன்படிக்கை’ எனப்பட்டவை 27. பிறகு 1939 முதல் 1989 வரையிலான ஐம்பது ஆண்டுகளைப் பார்த்தால், ஒப்பந்தங்கள் 702, நிர்வாக உடன்படிக்கைகள் 11,698. இதற்கிடையே சட்டத்தின் அந்த வரியில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

இந்த மாற்றம் சரியா என்று கேட்பதுதான் அந்நாட்டின் வெளியுறவுச் சட்ட அறிஞர்களுக்கு வெகுகாலம் வேலையாக இருந்தது. அவர்கள் சண்டையிட்டது சொற்களை வைத்து. பொலிவியாவுக்கு ஆயுதம் விற்ற வழக்கில், 1936இல் நீதிபதி சதர்லாண்ட், வெளியுறவில் நாட்டின் ஒரே வாய் அதிபர்தான் என்ற பொருளில் எழுதினார். அந்தத் தொடர் அவருடையது அல்ல. ஜான் மார்ஷல் 1800இல் பிரதிநிதிகள் சபையில் பேசியது. மார்ஷல் பேசியதோ, ஒரு மாலுமியைப் பிரிட்டனிடம் ஒப்படைத்த விவகாரத்தைப் பற்றி. அன்று முதல் அரசு வழக்கறிஞர்கள் அந்தத் தொடரை மேற்கோள் காட்டுவதும், பேராசிரியர்கள் அதன் பூர்வீகத்தைத் தோண்டுவதும் ஓயவில்லை.

1945இல் யேல் சட்ட இதழில் மக்டூகலும் லான்ஸும், செனட்டின் மூன்றில் இரண்டு பங்கும் இரு அவைகளின் சாதாரணப் பெரும்பான்மையும் ஒன்றுக்கு ஒன்று ஈடானவையே என்று நீளமாக வாதிட்டார்கள். அதே கல்லூரியில் பாடம் நடத்திய போர்ச்சார்ட், முடியவே முடியாது என்று பதில் எழுதினார். 1954இல் அதிபரின் கையைக் கட்ட வந்த அரசியல் சட்டத் திருத்தம் செனட்டில் ஒரே ஒரு வாக்கில் தோற்றது. இவ்வளவுக்கும் வேண்டிய சான்றுகள் நூலக அலமாரியில் இருந்தன. பொறுமையும் லத்தீனும் இருந்தால் போதும்.

1972இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் லூயி ஹென்கின் வெளியுறவையும் அரசியல் சட்டத்தையும் பற்றி ஒரு நூல் எழுதினார். ஒரு மாணவர் அந்த ஒரு புத்தகத்தை வாங்கினால் துறையே கைக்குள் வந்துவிடும். 1987இல் அவர் தலைமையில் அத்துறையின் சட்டத் தொகுப்பு இரண்டு தொகுதிகளில் முழுமையாக வந்தது. அதன் அடுத்த பதிப்பு 2018இல் வந்தபோது ஒப்பந்தங்கள், அதிகார வரம்பு, அயல்நாட்டரசின் விலக்குரிமை ஆகிய மூன்றோடு நின்றது, எழுதியவர்களோ பலர். கவனம் கூடியிருக்கிறது. ஆனால் முழுத் துறையையும் ஒரே குரலில் கேட்கும் வாய்ப்பு போய்விட்டது. எனக்கு அது ஒரு நஷ்டமாகவே படுகிறது.

அறிஞருக்கும் அரண்மனைக்கும் இடையிலான தூரமும் குறைந்தது. அதிபரின் வரம்பு மீறல்களைக் கண்டித்து 1990இல் புகழ்பெற்ற நூல் எழுதிய ஹெரால்ட் கோ, 2011இல் வெளியுறவுத் துறையின் சட்ட ஆலோசகர் நாற்காலியில் இருந்தார். லிபியாவில் விழுந்த குண்டுகள், ராணுவ நடவடிக்கைக்குக் காங்கிரஸ் விதித்த அறுபது நாள் கெடுவைத் தொடங்கிவைக்கும் ‘போர்ச் செயல்’ அல்ல என்று வாதிட வேண்டியவர் அவரே. நாற்காலி பேசியதா, நூலாசிரியர் பேசினாரா என்று இன்றும் வகுப்பறைகளில் கேட்கலாம்.

இன்றைய ஆய்வு வேறு மாதிரி. 1972இல் வந்த ஒரு சட்டப்படி, ஒவ்வொரு நிர்வாக உடன்படிக்கையும் அறுபது நாளுக்குள் காங்கிரஸுக்குப் போக வேண்டியிருந்தது. கூடவே ஒரு குறிப்புத் தாள்: இதைச் செய்ய எந்தச் சட்டம் எங்களுக்கு அதிகாரம் தருகிறது என்று நிர்வாகம் எழுதும் தாள். அந்தத் தாள்கள் பொதுப் பார்வைக்கு வந்ததில்லை. ஊனா ஹாதவே, கர்ட்டிஸ் பிராட்லி, ஜாக் கோல்ட்ஸ்மித் என்ற மூவரும் தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டு அவற்றை ஆயிரக்கணக்கில் வாங்கினார்கள். ஒவ்வொன்றாகப் படித்து எண்ணி, 2020இல் ஹார்வர்டு சட்ட இதழில் எழுதினார்கள். பல தாள்களில் காட்டிய சட்டம் அந்த உடன்படிக்கைக்கு அதிகாரம் தருவதாகவே இல்லை. சில உடன்படிக்கைகள் காங்கிரஸுக்குப் போகவே இல்லை. அதிபருக்கு அதிகாரம் உண்டா என்று அன்று கேட்டவர்கள், அவர் என்னதான் செய்தார் என்பதை அறியவே பின்னாளில் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது.

பலன் இல்லாமல் இல்லை. 2022 டிசம்பரில் அந்த 1972 சட்டம் திருத்தப்பட்டு, மறு ஆண்டு செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. சட்டப்படி கட்டுப்படுத்தாத முக்கிய உடன்பாடுகளும் இப்போது கணக்கில் வர வேண்டும். அதிகாரம் எங்கிருந்து வந்தது என்பதும் வெளியிடப்பட வேண்டும். 1945இன் நெடுங்கட்டுரைகள் சாதிக்காததை இந்த எண்ணிக்கை சாதித்தது.

இதைப் பார்த்துச் சிரிக்க நமக்குத் தகுதியில்லை. இந்தியாவில் ஒப்பந்தத்துக்கு நாடாளுமன்ற ஒப்புதலே கட்டாயமில்லை. மேற்கு வங்கத்தின் பெருபாரியில் ஒரு பகுதியைப் பாகிஸ்தானுக்குத் தர 1960இல் அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. 1974இல் கச்சத்தீவுக்கு அது தேவைப்படவில்லை. நிலத்தைக் கொடுக்கவில்லை, எல்லையைத்தான் வரைந்தோம் என்றது அரசு.

மீண்டும் அமெரிக்காவுக்கே வருவோம். 2002இல் ஜெருசலேமில் ஓர் அமெரிக்கக் குழந்தை பிறந்தது. பாஸ்போர்ட்டில் பிறந்த இடம் ‘இஸ்ரேல்’ என்று போடலாம் என அதே ஆண்டு காங்கிரஸ் சட்டம் இயற்றியிருந்தது. வெளியுறவுத் துறை ‘ஜெருசலேம்’ என்று மட்டுமே போட்டது. வழக்கு இருமுறை உச்ச நீதிமன்றம் ஏறியது. 2015இல், அந்நிய அரசை அங்கீகரிப்பது அதிபர் ஒருவருக்கே உரியது என்று தீர்ப்பாகி, சட்டத்தின் அந்தப் பகுதி செல்லாமல் போனது. 1936இன் சொற்களை அவ்வளவு தூரம் நீட்ட முடியாது என்றும் அதே தீர்ப்பு சொன்னது; பேராசிரியர்கள் எண்பது ஆண்டுகளாகச் சொல்லிவந்தது அதுதான். 2020 அக்டோபரில் வேறோர் அதிபரின் ஆட்சி கொள்கையை மாற்ற, பதினெட்டு வயதாகிவிட்ட அந்தப் பிள்ளையின் கையில் ‘இஸ்ரேல்’ என்று அச்சிட்ட பாஸ்போர்ட் வந்து சேர்ந்தது.