அறைக்குள் நுழைய மறுக்கும் தோட்டா

ரபாளே, மகாப்பே, துர்பே தொழிற்பேட்டைகளில் வேலை பார்த்த நம்மவர்களுக்குக் 'கோ', 'நோ-கோ' கேஜ் பற்றி விளக்க வேண்டியதில்லை. கோ கேஜ் துளைக்குள் போகணும். நோ-கோ போகவே கூடாது. அந்தப் பட்டறைகளில் கேஜ் பிடித்துப் பழகியவன் நான். அதே கணக்கு ரைஃபிளில் உயிர்க் கணக்காக மாறுவதை இங்கே சொல்கிறேன்.

1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனையில் கனடா நாட்டுச் சிப்பாய்கள் 'ராஸ்' ரைஃபிள் வைத்திருந்தார்கள். குறி தவறாத துப்பாக்கி; ஆனால் அதன் அறை இறுக்கமானது. பிரிட்டனில் அவசரமாகத் தயாரான .303 தோட்டாக்களில் பல, அளவில் சற்றே பருமன். பிரிட்டிஷ் லீ-என்ஃபீல்டின் தளர்ந்த அறைக்குள் அவை போய்விட்டன, ராஸில் சிக்கின. போல்ட்டைப் பூட்ஸ் காலால் உதைத்துத் திறக்க வேண்டியிருந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ராஸை எறிந்துவிட்டு, இறந்தவர்களின் லீ-என்ஃபீல்டை எடுத்துக்கொண்டார்கள். 1916-ல் போர்முனையிலிருந்து ராஸ் விலக்கப்பட்டது.

குற்றம் தோட்டாவிலா, அறையிலா? இரண்டும் ஜோடி. பொருத்தம்தான் கணக்கு.

ஒருமுறை சுட்ட பித்தளைக் கூட்டை மறுபடி நிரப்பும்போதும் இதே சிக்கல்தான். சுடும்போது கூடு அறைச் சுவரோடு ஒட்டும்படி விரிகிறது. பிறகு கொஞ்சம்தான் சுருங்குகிறது. ஒரு ரைஃபிளில் விரிந்த கூடு, இறுக்கமான இன்னொரு ரைஃபிளில் நுழையாது. அதனால் 'டை'யில் வைத்து அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவருகிறார்கள்.

போல்ட் மூடலைன்னா, நிபுணர்கள் முதலில் மருந்தும் பிரைமரும் குண்டும் இல்லாத வெறும் கூட்டைப் போட்டுப் பார்ப்பார்கள். அது தாராளமாகப் போனால், குண்டு வெளியே அதிகம் நீண்டு பாரலின் வரிப்பள்ளத் தொடக்கத்தில் முட்டுகிறது. அல்லது குண்டைப் பொருத்தும்போது கூடு பிதுங்கியிருக்கிறது. வெறும் கூடே போகலைன்னா கூட்டில்தான் கோளாறு. மார்க்கர் பேனாவால் அதைக் கறுப்பாக்கிப் போட்டு எடுத்தால், உரசிய இடம் பளபளக்கும். தோள்பட்டையில் உரசினால் டை போதிய அளவு இறங்கவில்லை. கழுத்து விளிம்பில் உரசினால் கூடு நீண்டுவிட்டது, வெட்டிக் குறைக்கணும். அடிப்பக்கம் உரசினால் அங்கே விரிந்தது சுருங்கவில்லை. எல்லாத் தோட்டாவும் சிக்கினால் அறையில் கரி, அழுக்கு, துரு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

"கொஞ்சம் தட்டினா போயிடும்" என்ற பட்டறைப் பேச்சு இங்கே உதவாது. நீண்ட கழுத்து அறைக்குள் நெரிந்து குண்டை இறுகப் பிடித்தால், சுடும்போது அழுத்தம் அபாயகரமாக எகிறும். அதற்காக அளவுக்கு மீறித் தளர்த்துவதும் ஆபத்து. கூடு கிழிந்து வாயு பின்பக்கம் பீறிடலாம். கோவும் நோ-கோவும் சேர்ந்தே இருப்பது இதற்காகத்தான்.

நம் நாட்டில் 1959 ஆயுதச் சட்டப்படி, உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். வீட்டில் பரிசோதிக்கிற விஷயம் அல்ல இது. வொர்லியில் துப்பாக்கி சுடப் பழகும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: தோட்டா உள்ளே போக மறுத்தால் பலம் காட்டாதே. குழலைத் தரையிலக்குப் பக்கமாகவே வைத்துக்கொண்டு பயிற்சியாளரைக் கூப்பிடு. மறுக்கும் தோட்டா ஏதோ சொல்கிறது. அதைக் கேட்டுக்கொள்வதே பாதுகாப்பு.