பழைய ஹாட் ஹேட்ச் ப்ராஜெக்ட்: எஞ்சினைப் பார்த்து மயங்காதீங்க!

மூணாவது வருஷம் வந்தாலே மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் பசங்களுக்கு ஒரு ஆசை வந்துடும். நாலு பேர் சேர்ந்து காசு போட்டு, ஓட்டினா சிரிப்பு வர மாதிரி ஒரு பழைய கார் வாங்கி, மொத்தமா பிரிச்சு, புதுசு மாதிரி ஆக்கணும். நல்ல ஆசைதான். ஆனா பாதி பிரிச்ச நிலையில ஷெட்டிலேயே நின்னுபோற கார்களும் நிறைய. பெரும்பாலும் அதுக்குக் காரணம் வேலை தெரியாதது இல்லை, வாங்கும்போது எஞ்சினை மட்டும் பார்த்ததுதான்.

ஒரே விதியை மனசுல வைங்க: தேய்ஞ்சதை மாத்திடலாம். துருப்பிடிச்ச பாடி, கிடைக்காத பார்ட்ஸ், சரியில்லாத பேப்பர் இந்த மூணும்தான் ப்ராஜெக்டைக் கொல்லும்.

எந்தக் கார்?

*ஃபியட் பேலியோ 1.6:* 2001-ல வந்தது. சச்சின் விளம்பரம் பண்ணின கார். 16 வால்வு எஞ்சின், 100 குதிரைத்திறன். அன்றைய இந்திய ஹேட்ச்பேக்குகளில் இது பெரிய எண். கட்டுமானம் கனமானது, நெடுஞ்சாலையில் அசையாம நிக்கும். ஆனா ஃபியட் 2019-ல இந்தியாவில் கார் விற்பனையை நிறுத்திடுச்சு. எஞ்சின் உதிரிகளை சியனா 1.6-லிருந்தாவது தேடலாம். ஹெட்லைட், டேஷ்போர்டு பிளாஸ்டிக், கண்ணாடி ரப்பர் உடைஞ்சா ஊர் ஊரா அலையணும்.

*மாருதி ஸ்விஃப்ட் 1.3:* 2005-ல வந்தது. 87 குதிரைத்திறன், எடை சுமார் ஒரு டன். இதே எஞ்சின் குடும்பம் எஸ்டீம்லயும் ஜிப்ஸிலயும் இருந்ததால, இதைப் பிரிச்சுப் பழகின மெக்கானிக் எந்த ஊர்லயும் கிடைப்பார். 2010-ல 1.2 எஞ்சின் வந்துடுச்சு. அதனால வாங்கும்போது ஆர்.சி-ல கொள்ளளவு 1298 சிசி-னு இருக்கானு பாருங்க.

*போலோ ஜிடி டிஎஸ்ஐ:* 2013-ல வந்தது. 1.2 டர்போ, 7 கியர் டிஎஸ்ஜி. ஓட்ட அருமை. ஆனா அந்த இரட்டை உலர் கிளட்ச்சை மாத்தவே தனி டூல்ஸும் டயக்னாஸ்டிக் கருவியும் வேணும். முதல் ப்ராஜெக்டுக்கு இது வேண்டாம்.

முதல் தடவைனா என் ஓட்டு ஸ்விஃப்ட்டுக்கு. உள்ளே வெளியே எந்தப் பொருளும் குறையாத பேலியோ கிடைச்சா மட்டும் யோசிக்கலாம்.

பாடி: முதல்ல இது

பகல் வெளிச்சத்துல, மழை பெய்யாதப்போ பாருங்க. துணி சுத்தின ஒரு சின்ன காந்தத்தை எடுத்துட்டுப் போங்க. கதவுக்குக் கீழே இருக்கிற ஓரம், வீல் ஆர்ச், டிக்கியில் ஸ்டெப்னி குழி இங்கெல்லாம் வைங்க. காந்தம் பிடிக்கலைனா, உள்ளே தகடு இல்லை, பட்டிதான். முன்பக்க ஸ்ட்ரட் மவுன்ட்ல துரு ஓடியிருந்தா திரும்பி வந்துடுங்க. சஸ்பென்ஷனோட மொத்த விசையும் அங்கேதான் இறங்குது. அங்க டிங்கரிங் ஒட்டு போட்டு ஓட்டறது உயிரோட விளையாடறது.

சென்னைக் கார்னா கூடுதல் கவனம். கடல் காத்து ஒரு பக்கம், 2015 வெள்ளம் இன்னொரு பக்கம். சீட் பெல்ட்டை முழுசா இழுத்துப் பாருங்க, கடைசி நீளத்துல சேத்துக்கறை இருக்கும். கார்பெட்டைத் தூக்கி மோந்தும் பாருங்க.

எஞ்சின்: பத்து நிமிஷ பரிசோதனை

காலைல, எஞ்சின் குளிர்ந்து இருக்கும்போதுதான் போகணும். முன்னாடியே சூடு பண்ணி வெச்சிருந்தா ஏதோ மறைக்கறாங்கனு அர்த்தம். நீலப் புகைனா ஆயில் எரியுது. சூடான பிறகும் விடாத வெள்ளைப் புகைனா கூலன்ட் உள்ளே போகுது.

கம்ப்ரெஷன் டெஸ்டர் கடன் வாங்கிட்டுப் போங்க. நாலு சிலிண்டர்லயும் அளவு கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கணும், 10 சதவீதத்துக்கு மேல வித்தியாசம் கூடாது. ஒண்ணுல குறைஞ்சா, அதுல ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளங்க. ஏறினா ரிங் தேய்மானம். ஏறலைனா வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். ஐசி எஞ்சின் பேப்பர்ல படிச்சது இங்க விலை பேச உதவும்!

பேப்பர்: கடைசியா இல்ல, கூடவே

சேசிஸ் நம்பரை ஆர்.சி-யோட எழுத்து எழுத்தா ஒப்பிடுங்க. லோன் முடிஞ்சதா, அபராதம் பாக்கி இருக்கானு பாருங்க. சொந்தக் காருக்கு 15 வருஷத்துக்கு அப்புறம் பதிவைப் புதுப்பிக்கணும். 2022 ஏப்ரல் முதல் அதுக்கான கட்டணம் 5,000 ரூபாய். வயசு 20 தாண்டினா இன்னும் கூடும். டெல்லியில் பழைய கார்களுக்குக் கட்டுப்பாடு இருக்கிறதால, அங்கிருந்து மலிவா வரும். என்.ஓ.சி இல்லைனா தொடவே தொடாதீங்க. இருந்தாலும் இங்க மறுபதிவுக்கும் சாலை வரிக்கும் தனியா ஆகும்.

புதுப்பேட்டையில் வேற எஞ்சின் வாங்கி மாத்திடலாம்னு நினைக்கிறவங்களுக்கு: மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 ஆர்.சி விவரத்துக்கு மாறான மாற்றங்களைத் தடுக்குது. அதே வகை எஞ்சின் போடணும்னாலும் ஆர்.டி.ஓ அனுமதி வேணும், பில்லும் வேணும்.

காசும் வரிசையும்

கையில இருக்கிற மொத்தப் பணத்துல பாதிக்கு மேல காருக்குக் குடுக்காதீங்க. மீதிப் பாதிதான் அதை ரோட்டுக்குக் கொண்டுவரும். யார் பேர்ல ஆர்.சி, படிப்பு முடிஞ்சதும் கார் யாருக்கு, இதை வாங்கறதுக்கு முன்னாடியே எழுதி வைங்க. நாலு வருஷ நட்பு கார்பரேட்டரை விட நுணுக்கமானது.

வேலையோட வரிசை இது: முதல்ல பிரேக், டயர். டயர் ஓரத்துல நாலு இலக்கம் இருக்கும். 2319-னா 2019-ல 23-வது வாரம் தயாரானது. அப்படி வயசான டயர்ல பட்டன் எவ்வளவு ஆழமா இருந்தாலும் மாத்திடுங்க. அடுத்து ரேடியேட்டரும் ஹோஸும். எப்போ மாத்தினதுனு தெரியாத டைமிங் பெல்ட்டையும் அப்பவே மாத்திடணும். பிறகு சஸ்பென்ஷன். பெயின்ட் கடைசி. எல்லாருக்கும் பெயின்ட்லதான் ஆரம்பிக்கத் தோணும். ஆனா நிக்கத் தெரியாத கார் பளபளன்னு இருந்து என்ன பிரயோஜனம்?