ஊனுண் மீன்களும் ஒரு தொட்டியும்

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கும் மாணவ நண்பர் சிலர், சிறு மீன்களிற் சலிப்புற்றுப் பெருமீன்களை நாடுங்காலத்து எம்மை வினவுவதொன்றுண்டு. பிற மீன்களைத் தின்று வாழும் மீன்கள் பலவற்றை ஒரே தொட்டியில் வைத்தல் கூடுமா, அவை ஒன்றையொன்று கொன்றுவிடாவா என்பதே அவ்வினா. கூடும் என்பது எமது விடை. ஆனால் எதனோடு எதனை வைப்பது என்பதை அவற்றின் கொடுமையைக் கொண்டு அளப்பது பிழை. முதற்கண் வாயின் அகலத்தைக் கொண்டு அளத்தல் வேண்டும்.

புலி மானைக் கிழித்துத் தின்பதுபோல் இவை இரையைக் கிழிப்பனவல்ல. ஆஸ்கர், அரோவானா, விரால், சொட்டைவாளை ஆகியன பெரும்பாலும் இரையை முழுதாகவே விழுங்குவன. ஆதலின் வாயினுள் அடங்குவது உணவு; அடங்காதது அயலார். கடைகளில் விரலளவுக் குஞ்சாய் விற்கப்படும் அமேசான் ஆற்றுச் செவ்வாற் கெளுத்தி 1 மீட்டருக்கு மேலும் வளர்வது. தன்னினுஞ் சற்றே சிறிய தோழனையும் விழுங்க முற்படும். அதனை எத்தொட்டிக்கும் யாம் பரிந்துரைப்பதில்லை.

விழுங்கத் தக்க அளவினதாயினும் முள்ளுடையது தப்பும் என்று எண்ணி, யாம் ஒருமுறை சிறு கெளுத்தியொன்றை ஆஸ்கருடன் விட்டோம். கெளுத்தி அச்சமுற்றால் தன் பக்க முட்களை விரித்து மடங்காதபடி நிறுத்திக்கொள்ளும் என்பதை அறிந்திருந்தும், அதன் பயனை நினைத்திலேம். மறுநாட் காலையில் விழுங்கவும் உமிழவும் இயலாத நிலையில் ஆஸ்கரும், அதன் தொண்டையிற் சிக்கிய கெளுத்தியும் ஒருங்கே மாண்டு கிடந்தன. நான்காண்டு வளர்த்த மீன் அது. கையிலிருந்து உணவு வாங்குமளவிற்குப் பழகியிருந்தது.

இனி, உண்ணும் பொருட்டன்றி இடத்தின் பொருட்டே கொல்லும் மீன்களும் உள. ஆஸ்கர் இணை சேர்ந்து முட்டையிடுங்கால் தொட்டியிற் பாதியைத் தனதென்று கொள்ளும். நம் ஏரிகளின் விராலோ, தன் செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தைக் காக்கும் நாளில் அருகணையும் எதனையும் தாக்கும். இவ்வகையில் அளவொத்த மீனுக்கும் காப்பில்லை. ஆஸ்கரை இணையாக வைப்பதினும் தனியொன்றாய் வைத்தல் நன்று.

8 அடி நீளமும் 3 அடி அகலமும் 2½ அடி உயரமுமுள்ள தொட்டியொன்றைக் கொள்வோம். அது ஏறத்தாழ 1,700 லிட்டர் நீர் கொள்ளும். நீரின் எடையே 1,700 கிலோகிராம் ஆதலின், மாடியில் வைக்க விழைவோர் முதலிற் கட்டடப் பொறியாளரைக் காண்பாராக! இத்தகைய தொட்டியில் வெள்ளி அரோவானா ஒன்று, ஆஸ்கர் ஒன்று, நம் சொட்டைவாளைக்கு உறவினதாய்த் தாய்லாந்து, கம்போடியா முதலிய நாடுகளில் வாழும் புள்ளிச் சொட்டைவாளை ஒன்று என மூன்றை யாம் தெரிந்துகொள்வோம். அரோவானா மேல்நீரில் உலவுவது. வெள்ளம் சூழ்ந்த அமேசான் காட்டில் மரக்கிளையிலுள்ள பூச்சிகளைத் துள்ளிப் பிடித்து வாழ்வதால் அதற்கு நீர்க்குரங்கு என்றும் பெயருண்டு. ஆதலின் கனத்த மூடி இன்றியமையாதது. ஆஸ்கர் இடைநீரிலும் அடிநீரிலும் திரியும், செடிகளைப் பிடுங்கிவிடும். சொட்டைவாளை பகலில் ஒதுங்கி இரவில் வேட்டையாடும். இடமும் நேரமும் வேறாதலின் மூன்றும் முட்டிக்கொள்ளும் தருணம் குறைவு. ஆயினும் மூன்றையும் ஏறக்குறைய ஒத்த அளவில் வாங்கி ஒருங்கே வளர்த்தல் வேண்டும். பெரியதொன்று ஆண்டுவரும் தொட்டியிற் குஞ்சினை விடுதல் அதற்கு உணவிடுதலேயாம்.

உயிருள்ள பொன்மீனை இரையாக இடும் வழக்கம் கேடுடையது. வைட்டமின் பி1-ஐச் சிதைக்கும் பொருளொன்று அதன் உடலிலுள்ளது. நோயும் அதனுடன் வந்து சேரும். இறாலும் கடல்மீன் துண்டும் நன்று. ஊனுணவு மிகுதலால் அம்மோனியா நஞ்சு விரைந்து பெருகும். அதனை மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியில் நிலைபெறச் சில வாரம் ஆகும் ஆதலின், தொட்டி அமைத்த அன்றே மீன் விடலாகாது.

இறுதியாக ஒன்று. வளர்ந்தபின் இடம் போதாதெனின் ஏரியில் விட்டுவிடலாம் என்று நினைப்பார் பலர். அமெரிக்க நாட்டில் மேரிலாந்து மாநிலத்துக் கிராஃப்டன் என்னும் ஊர்க் குளத்தில், நம் விராலின் இனத்ததாகிய வடபுல விரால் 2002-ஆம் ஆண்டு காணப்பட்டது. ஒருவர் தொட்டியில் வளர்த்து, அளவு மிஞ்சியதால் விட்ட இரண்டே மீன்களின் வழித்தோன்றல்கள் அவை. அவற்றை ஒழிக்க அரசினர் அக்குளத்து நீர் முழுவதிலும் நஞ்சிட நேர்ந்தது; அங்கு நெடுங்காலமாய் வாழ்ந்த பிற மீன்களும் மடிந்தன. ஆதலின் வாங்குமுன்னரே, வளர்ந்த மீனைத் திரும்ப ஏற்பீரா என்று கடைக்காரரைக் கேட்டுக்கொள்க. ஏலேன் என்பாராயின், அம்மீனை விடுத்து வேறொன்றைத் தெரிந்துகொள்க.