கணையப் புற்றுநோய்க்குப் "புது மருந்து": பத்திரத்தை எடுக்கும் முன் பார்க்க வேண்டிய கணக்கு



"கணையப் புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிப்பு" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வருகிறது. தூத்துக்குடியிலோ காயல்பட்டினத்திலோ அந்த நோயோடு வாப்பா படுத்திருக்கும் வீட்டில், அன்றிரவே நகை, வீட்டுப் பத்திரம் என்று பேச்சு தொடங்கிவிடும். மருத்துவம் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள். மருந்து தேடுவதில் தவறில்லை. ஆனால் முதலில் கேட்க வேண்டியது: அது மனிதரிடம் சோதித்ததா, எலியிடமா? மனிதர் என்றால், எவ்வளவு காலம் கூடுதலாகக் கிடைத்தது?

எர்லோடினிப் என்ற மாத்திரையின் கதையைப் பாருங்கள். முற்றிய நோயாளிகள் 569 பேருக்கு வழக்கமான ஜெம்சிடபின் ஊசி போட்டார்கள். அதோடு ஒரு பிரிவினருக்கு இந்த மாத்திரை, மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. "இறப்பு அபாயம் 18 சதவீதம் குறைந்தது" என்றது முடிவு. 2005இல் அமெரிக்கா அனுமதியும் அளித்தது. நூறில் 18 பேர் பிழைத்துக்கொண்டார்கள் என்றுதானே நமக்குத் தோன்றும்? அதுவல்ல. பாதிப் பேர் உயிரோடிருந்த காலம், ஊசி மட்டும் பெற்றவர்களில் 5.91 மாதம், மாத்திரையும் பெற்றவர்களில் 6.24 மாதம். வித்தியாசம் பத்து நாள்! ஓராண்டைத் தாண்டியவர்கள் 17 சதவீதத்திலிருந்து 23 ஆனார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கூடவே தோல் தடிப்பும் வயிற்றுப்போக்கும் கூடின.

2011இல் வெளியான பிரான்சு ஆய்வு வேறு மாதிரி. ஃபோல்ஃபிரினாக்ஸ் என்பது நான்கு பழைய மருந்துகளின் கூட்டு. நோய் பரவிய 342 பேரில், அதே கணக்கு 6.8 மாதத்திலிருந்து 11.1 ஆனது. பக்கவிளைவு கடுமைதான். ஆனாலும் ஆறு மாதத்தில் வாழ்க்கைத் தரம் குலைந்தவர்கள் ஊசிப் பிரிவில் 66 சதவீதம், இதில் 31. எனக்கே இது வியப்பாக இருந்தது. ஆனால் சேர்க்கப்பட்டவர்கள் 75 வயதுக்கு உட்பட்ட, நடமாட்டம் உள்ளவர்கள். படுத்த படுக்கையாக இருக்கும் 80 வயது வாப்பாவுக்கு இந்த எண்கள் பொருந்தாது.

அடையாறுக்கோ திருவனந்தபுரத்துக்கோ போகும்போது, "எதோடு ஒப்பிட்டார்கள், எத்தனை மாதம் கூடுதல், எங்கள் நோயாளி அந்த வகையா?" என்று டாக்டரிடம் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார். புது மருந்து ஆய்விலேயே சேரச் சொன்னால், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். 2009 முதல் அந்தப் பதிவு கட்டாயம்.