மண் கரையும் மறுகாலும்

பாறசாலையை அடுத்துத் தமிழ்நாட்டின் எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஊர்களுள் ஒன்று காரோடு. 1956 நவம்பர் 1 ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது விளவங்கோடு வட்டம் அன்றைய சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு புதிதாக வந்ததேயன்றி நிலத்தின் அமைப்பு இருபுறமும் ஒன்றே. செம்மண் மேடுகளுக்கு நடுவே குறுகிய பள்ளத்தாக்குகள் ஓடுகின்றன. அப்பள்ளங்களில் அமைந்த வயற்பரப்பை ‘ஏலா’ என்பர். ஏலாவின் தலைப்பகுதியில் குறுக்கே மண்ணைக் கொட்டி உயர்த்தி, மழைநீரைத் தடுத்து நிறுத்திய சிறு அணைகள் பல உள்ளன. மலையாளத்தில் இவற்றுக்குச் ‘சிற’ என்று பெயர். தமிழில் இச்சொல் ‘சிறை’. கைதிகளை அடைக்கும் இடம் என்னும் பொருளை மட்டுமே நீங்கள் அறிந்திருப்பீர்கள். அணை, கரை என்பனவும் அச்சொல்லின் பழம்பொருள்களே. நீரைச் சிறைசெய்வது சிறை.

பெயர்களைப் பற்றி இன்னும் ஒன்று கூறிவிட்டு மேற்செல்கிறேன். நிரம்பிய குளத்தில் மிகுந்த நீர் வெளியேறும் வழியை என் சொந்த ஊரில் ‘கலிங்கு’ என்போம். நான் பணிமாற்றம் பெற்றுத் தெற்கே வந்தபின் ‘மறுகால்’ என்னும் சொல்லைக் கேட்டேன். ஈழத்தில் அதுவே ‘வான்’. பாசனத்திற்கு நீர் திறக்கும் வாயிலை நாம் மடை என்கிறோம். ஈழத்தமிழர் துருசு என்பர். பெயர் எதுவாயினும் ஒரு மண் அணையில் கரை, மடை, மறுகால் என்னும் மூன்றும் இருந்தே தீரும். அணையின் நலம் இம்மூன்றையும் பொறுத்தது.

கல்லணைக்கும் மண்ணணைக்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. நெய்யாறு அணை கல்லாலும் சாந்தாலும் கட்டப்பட்டது. தன் எடையால் நீரின் அழுத்தத்தைத் தாங்கி நிற்பது. அத்தகைய அணையின்மீது நீர் வழிந்தாலும் அது உடனே கரைந்துவிடாது. மண் அணையோ அப்படியன்று. அதன் உச்சியைத் தாண்டி நீர் ஒரு சாண் ஆழத்தில் ஓடினாலே போதும். புறச்சரிவு அறுபட்டு, வெட்டுப்பள்ளம் பின்னோக்கி நகர்ந்து, சில மணி நேரத்துக்குள் கரை பிளந்துவிடக்கூடும். இதனாலேயே நிறைநீர் மட்டத்துக்கும் கரையின் உச்சிக்கும் இடையே சில அடி உயரத்தை வெறுமையாக விட்டு வைக்கிறார்கள். மிகுதி நீர் அந்த இடைவெளியை எட்டுமுன் மறுகால் வழியே போய்விட வேண்டும்.

இங்கேதான் மக்கள் பெரும்பிழை செய்கிறார்கள். கோடைக்கு இன்னும் கொஞ்சம் நீர் நிற்கட்டும் என்று மறுகாலில் மணல்மூட்டைகளை அடுக்குவதும், மீன் தப்பாதிருக்க வலை கட்டுவதும் பல ஊர்களில் காணும் காட்சி. வலையில் சருகும் செடிகொடிகளும் சிக்கி அடைப்பு உண்டாகிறது. ஓரடி நீரைக் கூடுதலாகச் சேர்த்தவர், கரைக்கு இருந்த பாதுகாப்பில் ஓரடியை எடுத்துவிட்டார் என்று பொருள். கரையின் உச்சியில் மாடும் வண்டியும் சென்று ஓரிடத்தில் பள்ளம் விழுந்திருந்தாலும் விளைவு அதுவே. கரை எவ்வளவு உயரம் என்று கேட்டால், அதன் மிகத் தாழ்ந்த இடம் எவ்வளவு உயரமோ அவ்வளவுதான் என்றே விடைகூற வேண்டும்.

இரண்டாவது ஆபத்து கண்ணுக்கு எளிதில் புலப்படாது. எல்லா மண் கரையிலும் நீர் கசியும். உட்சரிவில் புகும் நீர், கரையின் உடலுக்குள் மெல்ல இறங்கி, மறுபுறத்தில் அடிவாரத்தை ஒட்டி ஈரமாக வெளிப்படுகிறது. கசிவு இருப்பது நோயன்று. கசியும் நீர் மண்ணைச் சுமந்து வருவதே நோய். அறியும் வழி எளிது. அந்நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்துச் சற்று நேரம் அசையாமல் வையுங்கள். தெளிவாகவே இருந்தால் நன்று. அடியில் வண்டல் படிந்தால் கரைக்குள் ஒரு குழாய் உருவாகிக்கொண்டிருக்கிறது. அது வெளிப்புறத்தில் தொடங்கி உட்புறம் நோக்கி, எலி வளை தோண்டுவதுபோல நீளும். குளத்து நீரை எட்டிய நொடியில் கசிவு பீறிட்டுப் பாயும்.

இக்குழாய் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கும் இடம் மடையின் பக்கவாட்டு. கல்லும் மண்ணும் அல்லது சிமெண்டும் மண்ணும் சேருமிடத்தில் மண்ணை இறுகக் குத்துவது கடினம். இலங்கையின் திருகோணமலை மாவட்டத்தில் உள்ள கந்தளாய்க் குளத்தை நினைவிற்கொள்க. ஏழாம் நூற்றாண்டில் அமைந்தது அது. சுமார் 50 அடி உயரமான மண் கரை உடையது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகள் பழமையான அக்குளத்தின் கரை 1986 ஏப்ரல் 20 அன்று, விடியுமுன் மூன்று மணியளவில் உடைந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் உறக்கத்திலேயே அடித்துச் செல்லப்பட்டனர். ஆயிரத்து அறுநூறுக்கும் அதிகமான வீடுகள் அழிந்தன. கரைமீது கனமான வாகனங்கள் ஓட்டப்பட்டதும் காரணங்களுள் ஒன்றாகக் கூறப்பட்டது. பழமை ஒன்றே பாதுகாப்பு என்று நம்பியிருக்க முடியாது என்பதற்காகவே இதனைக் கூறினேன்.

அது பெரிய குளம். சிறிய அணைக்கும் ஒரு சான்று உண்டு. மராட்டிய மாநிலம் இரத்தினகிரி மாவட்டத்தில் திவரே என்னும் சிற்றூரின் மண் அணை 2019 சூலை 2 இரவு, கடும் மழையில் உடைந்தது. ஏறத்தாழ இருபது பேர் மாண்டனர். அணையில் கசிவு இருப்பதாக ஊரார் முன்பே முறையிட்டிருந்தனர். நண்டுகள் வளை தோண்டியதே காரணம் என்று அமைச்சர் ஒருவர் கூற, நாடெங்கும் அதனைக் கேலி செய்தார்கள். உண்மையில் நண்டும் எலியும் கரையானும் கரையைத் துளைப்பவைதாம், அதில் பொய்யில்லை. ஆனால் வளை ஒரே இரவில் தோன்றுவதன்று. கரையைச் சுற்றி நடப்பவர் கண்ணுக்கு அது தப்பாது. குற்றம் நண்டின்மேல் போடத்தக்கதா என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

காரோட்டுப் பக்கத்துக் கரைகளுக்கு இன்னும் சில இடையூறுகள் உள்ளன. தென்மேற்குப் பருவமழை சூனில் தொடங்கி ஓய்வதற்குள் ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். ஆகவே கரை நன்கு உலரும் காலம் குறைவு. ‘வெறுமனே கிடக்கும் இடம்’ என்று கரைச்சரிவில் மரச்சீனியும் வாழையும் நடுவோர் உண்டு. மரச்சீனிக் கிழங்கைத் தோண்டும்போது, திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கிய மண் மீண்டும் புழுதியாகிறது. பெருமரங்கள் பட்டுப்போனால் வேர் மக்கிய வழி நீருக்குப் பாதையாகும். கரைக்கு ஏற்றது நெருங்கிப் படரும் புல்லே, வெட்டிவேரும் நன்று.

இவை எல்லாவற்றையும்விட என்னைக் கவலைகொள்ளச் செய்வது வேறொன்று. முன்பு ஏலாவில் நெல் விளைந்தது. உழவர் நாள்தோறும் மண்வெட்டியைத் தோளில் வைத்துக் கரைவழியே சென்றார். வளையைக் கண்டால் தோண்டி அடைத்தார். மறுகாலில் கிடந்த மட்டையை இழுத்தெறிந்தார். அதை அவர் பராமரிப்பு என்று கருதவில்லை. இன்று வயல்கள் பலவும் நிரப்பப்பட்டு வீடுகளாகிவிட்டன. கரைக்குக் கீழே மக்கள் பெருகினர். கரைமேல் நடப்பவர் அருகினர்.

சட்டமும் இக்குறையை நிரப்பவில்லை. 2021 ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளையும், 10 முதல் 15 மீட்டர் உயரமுள்ளவற்றுள் சில வகைகளையுமே கண்காணிக்கிறது. இரண்டு ஆள் உயரச் சிறைகள் அதன் எல்லைக்குள் வாரா. அவற்றை ஊராட்சியும் ஊராரும்தாம் பார்த்துக்கொள்ள வேண்டும். இது புதிய ஏற்பாடு அன்று. முதற்பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் ஏரி வாரியம் என்னும் குழு காணப்படுகிறது. பிற்காலத்தில் ஊரார் கூடிச் செய்த இப்பணி குடிமராமத்து எனப்பட்டது.

செய்ய வேண்டியது அதிகமில்லை. வைகாசியில் ஒருமுறை, புரட்டாசியில் ஒருமுறை கரையின் உச்சியிலும் புறத்து அடிவாரத்திலும் முழு நீளம் நடந்து பார்த்தல், பள்ளங்களை ஒரு சாண் கனமுள்ள அடுக்குகளாக மண்ணிட்டு இறுக்குதல், மறுகாலைத் துப்புரவாக்குதல், மடையின் கதவு ஏறி இறங்குகிறதா என்று சோதித்தல். மழை வலுத்த நாள்களில் இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும்.

கலங்கல் நீர் வெளிப்படுவதைக் கண்டால், அந்த வாயைக் களிமண்ணால் அடைக்கவே பலரும் விரைவர். அது தவறு. அடைபட்ட நீர் உள்ளே அழுத்தம் கூட்டி வேறிடத்தில் உடைத்துக்கொண்டு வரும். கசியுமிடத்தின்மேல் முதலில் பருமணல், அதன்மேல் சரளை, அதற்கும் மேல் கல் என்று பரப்ப வேண்டும். நீர் வடிந்து போகும்; மண் உள்ளேயே தங்கும். குளத்து நீரையும் குறைக்க வேண்டும். ஆனால் மடையை முழுதும் திறந்து ஒரேயடியாக வற்றச் செய்தால் ஈரம் தோய்ந்த உட்சரிவு சரிந்து விழும். படிப்படியாகவே இறக்க வேண்டும். இவ்வேலைகளைப் பெரியோரும் பொறியாளரும் செய்வர். அவர்கள் வருமுன், கண்டவர் ஓட வேண்டியது கரைக்குக் கீழேயுள்ள வீடுகளுக்கு.