உடல் மாறியும் மாறாத குரல்

ஒருவரை நேரில் காணாதபோதும் அவர் இன்னார் என்று நமக்கு அறிவிப்பது குரல். அக்குரல் ஓர் இயந்திரத்தினுள் உறைந்திருந்து, அவ்வியந்திரமும் மூப்படைந்துவிட்டால் என் செய்வது? இவ்வினா இயற்பியல் அறிஞர் ஸ்டீபன் ஹாக்கிங்கின் வாழ்வில் எழுந்தது. அதற்கு விடை கண்ட முறையை இங்குக் காண்போம்.

1985இல் ஹாக்கிங் நிமோனியாவால் தாக்குண்டபோது, உயிரைக் காக்க அவர் தொண்டையில் துளையிட நேர்ந்தது. அதனால் பேசும் ஆற்றலை அவர் அறவே இழந்தார். பின்னர், எழுதியதைப் பேச்சாக்கும் 'கால்டெக்ஸ்ட்' என்னும் அமெரிக்கக் கருவியே அவருக்கு வாயாக அமைந்தது. அக்கருவியின் குரலுக்கு அடிப்படை, மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக அறிஞர் டென்னிஸ் கிளாட்டின் ஆய்வும் அவரது சொந்தக் குரலும் ஆகும். கிளாட் 1988இல் மறைந்தார். அவர் குரலின் சாயல் மட்டும் ஹாக்கிங் வழியே உலகெங்கும் ஒலித்தது.

பேச்சு பிறக்கும் முறை

உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வெவ்வேறு ஒலியாகப் பிறப்பதைத் தொல்காப்பியப் பிறப்பியல் விளக்குகிறது. கிளாட் இவ்வுறுப்புகளின் தொழிலைக் கணக்கீடுகளாக மாற்றினார் எனலாம். கருவி முதலில் எழுத்துகளை ஒலியன்களாகப் பிரிக்கும். அடுத்து ஒவ்வொன்றின் நீளத்தையும் ஏற்ற இறக்கத்தையும் வரையறுக்கும். இறுதியில், வாயறையின் அதிர்வுகளைக் கணக்கிட்டு ஒலியாக வெளியிடும். கால்டெக்ஸ்டில் மொழி சார்ந்த பணியை இன்டெல் செயலியும், ஒலிக் கணக்கீட்டை நெக் நிறுவனச் சில்லும் செய்தன.

இடர்ப்பாடு எங்கே?

மனிதருக்குப் பல மொழிகள் இருத்தல் போலவே செயலிகளுக்கும் பல ஆணைமொழிகள் உண்டு. ஒரு செயலிக்கென அமைந்த நிரல் மற்றொன்றுக்குப் புரியாது. மனிதர் எழுதிய மூல நிரல் கையிலிருப்பின், அதைப் புதிய செயலியின் மொழிக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால், 1980களில் உருவான அந்தக் குரலின் மூல நிரல் கிட்டவில்லை. பிற்காலப் பதிப்பைக் கொண்டு முயன்றபோது குரல் ஒத்துவரவில்லை. பலகைகளோ ஒன்றிரண்டே எஞ்சியிருந்தன. அவற்றைச் செய்த நிறுவனமும் மறைந்துவிட்டது.

இனிமையான புதிய குரல்கள் பல இருந்தும் ஹாக்கிங் அவற்றை ஏற்கவில்லை. பழைய குரலையே தம் குரலாகக் கருதினார். பிறர்க்கு அது இயந்திர ஓசை. அவருக்கு அதுவே தாம்.

கண்ட வழி

எனவே கேம்பிரிட்ஜிலும் கலிபோர்னியாவிலும் இருந்த பொறியாளர் சிலர் வேறொரு வழியை மேற்கொண்டனர். நிரலை மாற்றாமல், பழைய சில்லுகளைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருளை அமைத்தனர். இதனை 'எமுலேட்டர்' என்பர். பழைய நிரல் தன் பழைய இல்லத்திலேயே இருப்பதாக எண்ணி இயங்கும். உண்மையில் அடியில் இருப்பதோ வேறு செயலி.

இங்கு எதிர்பாராத உதவியும் வந்தது. நெக் சில்லின் மரபைச் சேர்ந்த ஒன்று நின்டெண்டோ விளையாட்டுப் பேழைகள் சிலவற்றிலும் இருந்தது. பழைய விளையாட்டுகளைக் காக்க விரும்பிய ஆர்வலர்கள் அதன் செயற்பாட்டை நுணுகி ஆராய்ந்து எமுலேட்டரில் அமைத்திருந்தனர். சிறுவர் விளையாட்டுக்காகச் செய்த அவ்வுழைப்பு ஓர் அறிஞரின் குரலைக் காக்கப் பயன்பட்டது. பழைய பலகையின் ஒலியையும் புதியதன் ஒலியையும் அலைவடிவங்களாக ஒப்பிட்டு, வேறுபாடுகளைக் களைந்தனர்.

இறுதியில் ஆர்ம் வகைச் செயலி கொண்ட 'ராஸ்பெரி பை' என்னும் உள்ளங்கையளவுக் கணிப்பொறியில் அக்குரல் குடியேறியது. 2018 ஜனவரியில் ஹாக்கிங் அதைக் கேட்டு மகிழ்ந்து ஏற்றார். அவ்வாண்டு மார்ச் 14இல் அவர் மறைந்தார். புதிய உடல் பெற்ற தம் குரலுடன் அவர் வாழ்ந்தவை சில வாரங்களே.

அச்சில வாரங்களுக்காகவா பல ஆண்டு உழைப்பு என்று வினவுதல் கூடும். செல்லரித்த ஏட்டினை மீண்டும் பெயர்த்தெழுதியோர் எத்தனை பேர் படிப்பர் என எண்ணி எழுதவில்லை. ஓர் எழுத்தும் பிழைபடாது காப்பதையே கருதினர். நல்லது ஒன்றை உள்ளவாறே அடுத்த கலத்தில் சேர்ப்பதும் படைப்புக்கு நிகரான பணியே என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.